புத்தகம் கை மாறிய வருஷம்

அன்பின் ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். வயது 61. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கத்தோலிக்கன். எங்கள் கோவிலில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறவன் நான். வாசித்தவன் என்று எழுத வேண்டும். இந்த வருஷத்தோடு அது முடிந்தது.

எப்படி முடிந்தது என்று கேளுங்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசை முடிய அறிவித்தல் வாசிக்கும்போது பங்குச் சுவாமி, "இம்முறை பிரசங்கத்தை இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் பகிர்ந்து வாசிப்பார்கள்" என்றார். அவ்வளவுதான். முதலே எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான் மூன்றாவது வாங்கில் இருக்கிறேன். சனம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நெற்றியில் பூசிய சாம்பலோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

1992 இலிருந்து வாசிக்கிறேன். அதற்கு முன் அப்பா வாசித்தார். அப்பாவுக்குக் கால் எடுத்த வருஷம் புத்தகம் என் கைக்கு வந்தது. 1995 யுத்த இடப்பெயர்வில் சனம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தபோது நான் அந்தப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு போனேன். அடுத்த தவக்காலம் தென்மராட்சியில் ஒரு கொட்டிலுக்குள், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வாசித்தேன். எழுத்துத் தெரியவில்லை. பாதி மனப்பாடத்தில்தான் போனது. அன்று அங்கே அழாத ஆள் இல்லை. இதெல்லாம் நேற்று வந்த சுவாமிக்கு எங்கே தெரியப்போகிறது?

பிள்ளைகள் வாசித்ததையும் சொல்கிறேன். ஒரு வெள்ளி மட்டும் போய்க் கதவடியில் நின்று கேட்டேன். ழகரம் வரவில்லை. ராகம் என்ற ஒன்றே இல்லை. ஒரு பெடியன் போனைப் பார்த்து வாசிக்கிறான். மாதா சிலுவையடியில் நிற்கும் இடத்தை ஒரு பிள்ளை பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறது. சுவாமி என்னிடம் மூன்று நாலு தரம் பிள்ளைகளைப் பழக்கிவிடச் சொன்னது உண்மைதான். அவர்களுக்கு வராது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அது வேறு கதை.

போன வருஷத் திருநாள் மலரிலும் என் பெயர் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஸ்பீக்கர் வாங்கித் தந்தவருக்கு அரைப் பக்கத்தில் படம். அந்த ஸ்பீக்கர் இல்லாமலே பின்வாங்கு வரைக்கும் கேட்க வாசித்தவன் நான்.

நான் சண்டை பிடிக்கவில்லை. அருட்பணிச் சபையிலிருந்து இரண்டு பக்கக் கடிதம் கொடுத்து மரியாதையாக விலகினேன். மனதை ஆற்றுவதற்கோ என்னவோ, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் அன்று சுவாமி கால் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். மாட்டேன் என்றேன். வாசிக்க உதவாதவனுடைய காலை மட்டும் ஏன் கழுவ வேண்டும்? வலது காலில் ஒரு புண்ணும் இருந்தது, அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமை சிலுவைப்பாதைக்கு நேர்த்தி வைத்து, மத்தியான வெயிலில் தார் றோட்டில் செருப்பில்லாமல் நடந்திருந்தேன். கூட நடந்தவர்கள் சூடு தாங்காமல் துள்ளினார்கள். எனக்குச் சுடவேயில்லை. ஆண்டவர் அந்தப் பலத்தைத் தந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அடிப்பாதம் பொங்கியிருந்ததைக் கண்டேன். நோவு இல்லாதபடியால் நானே துணி சுற்றிச் சமாளித்து வருகிறேன், இப்போது எட்டுக் கிழமை. மனைவி அறைக்குள் ஏதோ மணக்கிறது என்கிறா. எலி செத்திருக்கும் என்றேன். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்.

இப்போது ஞாயிறு பூசைக்கு மோட்டார் சைக்கிளில் வேறு கோவிலுக்குப் போகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வீட்டில் முழந்தாளில் நின்றால் செபம் வருவதில்லை. சுவாமிக்குக் கொடுக்க வேண்டிய பதில்தான் வசனம் வசனமாக வருகிறது. மனைவி இதைப் பெருமை என்கிறா. நான் தாழ்மையாகத்தான் ஒதுங்கினேன். இது பெருமையா, தன்மானமா? சுவாமி வந்து ஒரு சொல் வருத்தம் சொல்லாமல் நான் திரும்பிப் போவது சரியா?

— ஓய்வு பெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

*

அன்பின் மாஸ்டர்,

உங்களை அப்படியே கூப்பிடுகிறேன், ஊரும் அப்படித்தான் கூப்பிடும். உங்கள் கடிதத்தில் சுவாமிக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நிறைய இடம் கிடைத்திருக்கிறது. காலுக்குக் கிடைத்தது ஒரு சின்ன மூலை. பிறகு "சின்ன விஷயங்கள்" என்று அதன் மேல் மூடியும் போட்டுவிட்டீர்கள். நான் அந்த மூடியைத்தான் முதலில் திறக்கப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சலரோகம் என்ற சொல்லை நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கால் எடுத்திருக்கிறது. உங்களுக்குத் தார் சுடவில்லை. எட்டுக் கிழமையாகப் புண் ஆறவில்லை, மணமும் வருகிறது. கணித மாஸ்டருக்கு இந்தக் கூட்டலை நான் செய்து காட்டத் தேவையில்லை. நான் வைத்தியர் இல்லை. இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான்: சீனி கூடிக் கூடி நரம்பு பழுதானால் பாதம் விறைத்துப் போகும். கல் குத்தினாலும் தெரியாது, நெருப்புச் சுட்டாலும் தெரியாது. அன்றைக்குக் கூட நடந்தவர்கள் துள்ளினார்களே, அவர்களுடைய கால் நல்லாக இருந்ததால்தான் துள்ளினார்கள். உங்களுடைய கால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதை ஆண்டவர் தந்த பலம் என்று எண்ணிவிட்டீர்கள். நோகவில்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரியில்தான் பயம் வந்தது.

அதே கடிதத்தில் இன்னொரு வரி. "அப்பாவுக்குக் கால் எடுத்த வருஷம் புத்தகம் என் கைக்கு வந்தது." இதை எழுதிவிட்டு அடுத்த வசனத்தில் நாவற்குழிப் பாலத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் புத்தகம் கை மாறுவதும் கால் போவதும் ஒரே வருஷத்தில் நடந்திருக்கின்றன. இருபத்தேழு வயதில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். இப்போது புத்தகத்தை விடச் சொல்கிறார்கள், அதே தவக்காலத்தில் உங்கள் காலும் பொங்குகிறது. உங்களுக்குச் சுவாமி மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபம் இவ்வளவு பெரிதாக நிற்பது, பின்னால் ஒரு பயம் ஒளிந்து நிற்க இடம் வேண்டும் என்பதற்காகவோ என்று எனக்குப் படுகிறது. சுவாமியோடு வாதாட ஆயிரம் வசனம் வருகிறது. காலைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வசனம் வரவில்லை.

பெருமையா என்று கேட்டீர்கள். மனைவி சொன்னது சரி, பெருமைதான். ஆனால் அவ பார்க்கிற இடத்தில் அது இல்லை. இத்தனை வருஷம் வாசித்த ஒருவருக்கு அந்த இடம் தன்னுடையது என்று தோன்றுவது மனித சுபாவம். கொட்டிலுக்குள் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் சனத்தை அழவைத்த குரலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. சுவாமி முதலே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். பீடத்தில் நின்று அறிவித்தது பிழை. அதை ஒத்துக்கொண்டு அப்பால் போவோம்.

பெருமை இருப்பது அந்தத் துணிச் சுற்றில். பாதி இராத்திரியில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தனியே குனிந்து, பழைய துணியை அவிழ்த்துப் புதுத் துணி சுற்றுகிற அந்த இடத்தில். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனிசிக்குக்கூட எலிக் கதை சொல்லுகிற இடத்தில்.

பெருமையோடு செபித்த பரிசேயன் உவமையை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. என்னைவிட வடிவாக நீங்களே வாசிப்பீர்கள். பெரிய வியாழன் வாசகத்தில் ஒரு ஆளை மட்டும் நினைத்துப் பாருங்கள். பேதுரு. "நீர் என் காலைக் கழுவவே கூடாது" என்றான். கேட்கத் தாழ்மை போலத்தான் இருக்கும், குரு சீடனுடைய காலைத் தொடுவதா என்ற மரியாதை. இயேசு அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. நான் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று நேரே சொன்னார். (உடனே பேதுரு கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொன்னது வேறு. அந்த மனுஷனுக்கு நடுவழி என்று ஒன்று இருந்ததில்லை.) நீங்கள் சொன்ன "மாட்டேன்" பேதுரு சொன்னதுதான். ஒரு வித்தியாசம், பேதுருவின் காலில் தூசி மட்டும்தான் இருந்தது.

நீங்கள் செருப்பில்லாமல் நடந்ததைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், உங்கள் பக்தி முழுக்கக் கொடுக்கிற பக்கமாகவே இருக்கிறது. குரல் கொடுத்தீர்கள், நேர்த்தி கொடுத்தீர்கள், கோபம் வந்தபோதும் கடிதம் கொடுத்தீர்கள். வாங்குவது உங்களுக்குப் பழக்கமில்லை. 1687 இல் நம்முடைய ஊருக்கு வந்த யோசேவ் வாஸ் முனிவரை நினையுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்து வைத்திருந்த காலம். குரு என்று தெரிந்தால் பிடிப்பார்கள் என்று கூலி ஆள் வேடத்தில் வந்தார். வந்ததும் வயிற்றோட்டம் பிடித்து விழுந்தார். ஏழைப் பெண் ஒருத்தி கொடுத்த கஞ்சியில்தான் உயிர் பிழைத்தார் என்று சொல்லி வருகிறோம். பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போய்த்தான் ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வைத்துப் புனிதராக உயர்த்தியது அவரைத்தான். இந்த மண்ணில் அவருடைய பணி ஒரு கோப்பைக் கஞ்சியை வாங்கிக் குடித்ததில் தொடங்கியது. அன்று அவர் "எனக்கு ஒன்றுமில்லை, எலி செத்திருக்கும்" என்று சொல்லியிருந்தால்?

பிள்ளைகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. மூன்று நாலு தரம் பழக்கிவிடச் சொன்னார்கள், வராது என்று அனுப்பிவிட்டீர்கள். இப்போது வரவில்லை என்று கதவடியில் நின்று கணக்கெடுக்கிறீர்கள். வகுப்பில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையிடம் இப்படியா நடந்துகொண்டீர்கள்? உச்சரிப்பைப் பற்றி ஒன்று: அந்தப் பிரசங்கத்தை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிக்கே தமிழ் தாய்மொழி இல்லை. கோவாவிலிருந்து 1705 இல் இலங்கைக்கு வந்தவர், தமிழைப் படித்து எழுதினார். அவருடைய முதல் ழகரம் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. யாரோ ஒரு தமிழன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி ஒருவன் "இவருக்கு வராது" என்று எழும்பிப் போயிருந்தால் உங்கள் கையில் புத்தகமே இருந்திராது.

புத்தகம் கொடுத்த பிறகு உங்கள் அப்பா என்ன செய்தார்? அடுத்த தவக்காலத்தில் எங்கே இருந்தார்? நீங்கள் பிழைவிட்ட இடத்தில் அவருடைய முகம் எப்படி இருந்தது? இதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம், ஆனால் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்.

செபம் வருவதில்லை என்கிறீர்கள். வராதுதான். ராகத்தோடு, சனத்துக்குக் கேட்க, திருத்தமாகச் சொல்லியே பழகிய வாய். உங்களிடம் இப்போது இருப்பதோ ஒரே ஒரு வசனம்: "ஆண்டவரே, அப்பாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்று பயமாக இருக்கிறது." ராகம் போட முடியாத வசனம் அது. முழந்தாளில் நிற்க வேண்டாம், புண் இருக்கிறது. கதிரையில் இருந்து சொல்லுங்கள்.

சுவாமி முதலில் வர வேண்டுமா, நீங்கள் போக வேண்டுமா என்ற கேள்வியை இந்த மாதம் ஒதுக்கி வையுங்கள். கால் காத்திருக்காது. கடிதம் கிடைக்கும் நாளிலேயே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். கிளினிக் நாள் எது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எட்டுக் கிழமை என்பதையும், சுட்டது தெரியவில்லை என்பதையும், மணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நிலையில் போய்க் காலைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், நாள் கடத்தி விரலையும் பாதத்தையும் விட்டவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போங்கள்.

அதற்கு முன் அவவிடம் எலி இல்லை என்று சொல்லுங்கள். அவவுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு பேசாமல் இருங்கள், துணியை அவ அவிழ்க்கட்டும்.