எச்டிபி (சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு எந்த நாய் சரிவரும்? கேளுங்க, சொல்றேன்

நான் நாய் க்ரூமிங் வேலை பாக்கறேன். இனம், முடி, குணம் பத்தி கேளுங்க. நோய்க்கு வெட் (விலங்கு டாக்டர்) கிட்ட போங்க.

செங்காங்லேர்ந்து: அக்கா, நாலு ரூம் வீடு, ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பையனுக்கு 8 வயசு. போமரேனியனா ஷி ட்ஸுவா?

ஷி ட்ஸு. எல்லாரும் நாயோட சைஸத்தான் பாக்கறாங்க, பகல்ல வீட்ல யார் இருக்காங்கன்றதுதான் மொதல்ல பாக்கணும்மா. போமரேனியன் லிப்ட் கதவு திறந்தா குலைக்கும், பக்கத்து வீட்டு கேட் சத்தம் கேட்டா குலைக்கும், ஆள் இல்லாத வீட்ல அது நாள் பூரா நடந்தா காரிடார் மொத்தமும் உங்க மேல கோவப்படும். எலும்பும் ரொம்ப சின்னது, பையன் கையிலேர்ந்தோ சோபாலேர்ந்தோ குதிச்சா முழங்கால் சில்லு விலகிடலாம். ஷி ட்ஸு கொஞ்சம் சாது, ஆனா முடி விஷயத்துல சோம்பேறித்தனம் ஆகாது. காதுக்குப் பின்னாடியும் அக்குள்லயும் சிக்கு பிடிச்சு கம்பளி மாதிரி ஒட்டிப்போய்டும், மேலாப்ல தடவினா தெரியாது, விரலை உள்ள விட்டா தோல் செவந்து கிடக்கும். தினமும் சீப்பு போடுங்க. மத்தியானம் ஒரு தடவை யாராச்சும் வந்து பாக்கற ஏற்பாடு இல்லேன்னா இப்போ வேணாம்.

உட்லண்ட்ஸ்: ஊர்ல தாத்தா வீட்ல இருந்த போமரேனியன் பெருசா இருந்துச்சு, இங்க ஏன் இத்துனூண்டு?

தாத்தா வீட்ல இருந்தது இந்தியன் ஸ்பிட்ஸ் தம்பி. இந்தியாவுல வெள்ளையா புசுபுசுன்னு இருந்தா எல்லாமே போமரேனியன்தான். அந்த உருவம் பிடிக்கும்னா ஜப்பானிய ஸ்பிட்ஸ் எச்டிபி அனுமதிக்கற இனங்களோட பட்டியல்ல இருக்கு, முடி நல்லா கொட்டும், ஏர்கானோ நல்ல ஃபேனோ வேணும்.

பொங்கோல்: கார்கி வாங்கலாமா?

எச்டிபில கூடாது, பட்டியல்ல இல்ல.

அதே பொங்கோல்: எதிர் புளோக்ல ரெண்டு கார்கி இருக்கே, யாரும் ஒண்ணும் கேக்கல. ஷெல்டி (ஷெட்லாண்ட் ஷீப்டாக்) கார்கியை விட உசரம், அதுக்கு மட்டும் ஓகேவா? இது என்ன நியாயம்?

உசரக் கணக்குல நீங்க சொல்றது சரிதான், கார்கி 30 செமீ தாண்டறதே அபூர்வம், ஷெல்டி 40 கிட்ட வரும். அந்தப் பட்டியல்ல எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனா இன்னிக்கு விதி அதுதான், 4000 வெள்ளி வரைக்கும் அபராதம். பணத்தை விடுங்க, ஒரே ஒரு புகார் வந்தா நாயை வீட்ட விட்டு அனுப்பணும். அப்படி வந்த நாய்ங்களை நான் குளிப்பாட்டியிருக்கேன், கதவையே பாத்துட்டு நிக்கும். அதனாலதான் சொல்றேன், கடைக்குப் போய் குட்டியைக் கையில தூக்கறதுக்கு முன்னாடி பட்டியலைப் பாருங்க.

ஈசூன்: கார்கி விவாதத்துல ஒரு சந்தேகம். எச்டிபியோட அடோர் திட்டத்துல 55 செமீ உசரம் வரைக்கும் விடறாங்களே, அதுல கார்கியைக் காட்ட முடியாதா?

முடியாது. அடோர் நம்ம ஊர் கலப்பு நாய்களுக்கு, சிங்கப்பூர் ஸ்பெஷல்னு சொல்றோமே, அதுங்களுக்கு. 2012ல ஆரம்பிச்சது, மொதல்ல 15 கிலோ, 50 செமீதான் அனுமதிச்சாங்க, 2020ல கிலோ கணக்கை எடுத்துட்டு உசரத்தை 55 ஆக்கினாங்க. விலங்குநல அமைப்பு மூலமா தத்தெடுக்கணும், பயிற்சி வகுப்புக்கும் போகணும். என்னைக் கேட்டா குட்டி நாய் தேடறவங்க பாதிப் பேர் இதைத்தான் யோசிக்கணும். முடி குட்டை, நம்ம வெயிலுக்குப் பழகினது, வளந்த நாயா எடுத்தா குணமும் முன்னாடியே தெரிஞ்சிடும். மொதல்ல கொஞ்ச நாள் சோபா அடியிலயே கிடக்கும், விட்டுப் பிடிங்க.

பிடோக்: பக் எப்படி?

குணம் தங்கம், மூச்சு கஷ்டம். சப்ப மூக்கு நாய்க்கு நம்ம சூடு ஆகாது, காலை 8 மணிக்கு முன்னாடி, இல்ல பொழுது சாஞ்சப்புறம் மட்டும் நடை.

தெம்பனீஸ்: மால்டிபூ எச்டிபில ஓகேவா?

அப்பா அம்மா ரெண்டு இனமும் பட்டியல்ல இருந்தா ஓகே. மால்டீஸ், டாய் பூடில் ரெண்டும் இருக்கு.

ஜூரோங்: பீகிள்? ஷிபா?

இல்ல. இல்ல. பட்டியலைப் பாருங்கன்னு மேலேயே சொல்லிட்டேன்.

காண்டோல (தனியார் அடுக்குமாடில) பீகிள்?

காண்டோக்கு எச்டிபி பட்டியல் கிடையாது, 3 வரைக்கும் வளக்கலாம், உங்க மேனேஜ்மென்ட் விதியையும் கேட்டுக்குங்க.

என் யார்க்கி ரெண்டு நாளா வாந்தி எடுக்குது, என்ன குடுக்கலாம்?

இப்பவே வெட் கிட்ட போங்க.

உட்லண்ட்ஸ்: குலைக்காத இனம் எது?

அப்படி ஒண்ணு இல்ல. கவலியர் கொஞ்சம் அமைதி, ஆனா அந்த இனத்துக்கு இதய வால்வு பிரச்சினை அதிகம், பெத்த நாய்ங்களுக்கு இதயப் பரிசோதனை பண்ணாங்களான்னு கேட்டு வாங்குங்க.

செங்காங் மறுபடியும்: பக்கத்து வீடு மலாய் முஸ்லிம் குடும்பம், நாயால சங்கடம் வருமா?

நல்ல கேள்விம்மா. நாய் வர்றதுக்கு முன்னாடியே போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. லிப்ட்ல அவங்க நின்னா நீங்க அடுத்ததுல போங்க, காரிடார்ல கயித்தைக் குட்டையா பிடிச்சு செவுரோரமா நடங்க, ஒண்ணுக்குப் போனா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. லைசென்ஸும் மறக்காதீங்க, கருத்தடை செஞ்ச நாய்க்கு வருஷம் 15 வெள்ளி, செய்யலேன்னா 90.