டீமன் ஸ்லேயர்: பிள்ளைகள் பார்க்கலாமா? (கடிதம்)

மதிப்புக்குரிய ஐயா,

மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். தரம் 10 படிக்கும் என் மகன் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரின் முதல் சீசனை முடித்துவிட்டு, இப்போது யோஷிவாராவில் நடக்கும் தொடர்ச்சியைப் பார்க்கிறான். ஒரு நாள் பின்னால் நின்று நானும் பார்த்தேன். விலைமாதர் தெரு, வெட்டுப்படும் தலைகள், அரைகுறை உடையில் ஒரு பெண் பேய். கேட்டால், "முந்தினத விட இது நல்லா இருக்கும்மா, சின்னப் பசங்க கதைதான்" என்கிறான். தரம் 4 படிக்கும் தங்கையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இது உண்மையிலேயே நல்ல படைப்புதானா? பிள்ளைகள் பார்க்கத் தக்கதா?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

முந்தையதைவிட நன்றாக இருக்கிறது என்று உங்கள் மகன் சொன்னதை ஏற்கிறேன். சின்னப் பிள்ளைகளின் கதை என்பதை ஏற்க முடியாது. கொயோஹாரு கோட்டோகே வரைந்த மூலக் கதை 2016 முதல் 2020 வரை சிறுவர்களுக்கான வார இதழான ஷோனென் ஜம்ப்பில் வெளிவந்தது உண்மைதான். ஆனால் யோஷிவாரா பகுதியை ஜப்பானியத் தொலைக்காட்சி 2021 டிசம்பரிலிருந்து ஞாயிறு இரவு 11 மணிக்குப் பிறகுதான் ஒளிபரப்பியது. இதற்கு முந்தைய கதையைச் சொல்லும் 2020ஆம் ஆண்டுத் திரைப்படத்தை 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்றது ஜப்பான். அமெரிக்காவிலோ 17 வயதாகாதவர்கள் பெரியவர் துணையின்றி அரங்குக்குள் நுழைய முடியாது. நம் வீட்டுப் போனில் அப்படிச் சீட்டுக் கேட்க வாசலில் யாரும் நிற்பதில்லை என்பதால், அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

ஒரு தொடர்ச்சியை மதிப்பிடும்போது, முன்பு வென்றவன் மறுபடியும் அதே விதமாகத்தான் வெல்கிறானா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். முதல் சீசனின் 26 எபிசோட்களில் கதாநாயகன் தஞ்சிரோ ஊர் ஊராகப் போய், ஒரு பேயை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடினான். இங்கே 11 எபிசோட்களும் ஏறக்குறைய ஒரே ஊரில், கியூதாரோ, டாக்கி என்ற ஒரே அண்ணன் தங்கைப் பேய்களைச் சுற்றி நடக்கின்றன. இருவரின் தலையும் ஒரே நேரத்தில் வீழ்ந்திருந்தால் மட்டுமே இருவரும் சாவார்கள் என்ற விதி இருப்பதால், எவ்வளவு பலசாலியானாலும் தனியொருவனால் வெல்ல முடியாது. கூரையின் மேல் ஒருவர் பிந்தினால் கீழே நிற்பவரின் உயிருக்கு ஆபத்து. யூஃபோடேபிள் நிறுவனத்தின் ஓவியர்கள் பத்தாவது எபிசோட்டில் திரை முழுவதும் தீயும் பொறியுமாக வரைந்திருந்தும், யார் எங்கே நிற்கிறார், அடுத்து அவர் என்ன செய்தாக வேண்டும் என்பது ஒரு கணமும் நமக்குக் குழம்புவதில்லை. சண்டைக் காட்சியில் இதைவிடக் கடினமான வேலை இல்லை. வெற்றிக்கு விலையும் உண்டு: பேய்களை வேட்டையாடும் படையின் தலைமை வீரர்களில் ஒருவரான உசுய் ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்து பணியிலிருந்து விலகுகிறார்.

இரத்தம் நிறையவே இருக்கிறது. கடைசி வெட்டின்போது அரிவாள் தஞ்சிரோவின் தாடையைத் துளைக்கிறது. ஆனாலும் பதினைந்து வயதுப் பையனின் விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த இரத்தமல்ல. வலியை வலியாகவே காட்டுகிற கதை இது. பேயின் சாவைக்கூட இது கொண்டாடுவதில்லை. தலை துண்டான பிறகும் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று அண்ணன் சொல்ல வாயெடுக்கும்போது, அவனால் சாகக் கிடந்த தஞ்சிரோ தன் கையால் அந்த வாயைப் பொத்துகிறான். இந்தக் காட்சியை உங்கள் மகன் பார்த்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டாக்கியின் உடையைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். கதாநாயகனின் தங்கை நெசுகோ கோபத்தில் உருமாறும்போதும் உடை குறைக்கப்படுகிறது. அதற்குக் கதையில் எந்தத் தேவையும் இல்லை. அதைவிட என்னை உறுத்துவது தொடக்கம். தஞ்சிரோ உட்பட மூன்று பையன்களுக்குப் பெண் வேடமிட்டு, மூன்று விடுதிகளில் விற்பதை முழுக்க நகைச்சுவையாகவே காட்டுகிறார்கள். மனிதரை விற்கும் இடம் அங்கே வேடிக்கை; கடைசி எபிசோட்டில் அதே ஊரின் அடிமட்டச் சேரியில் பிறந்த அண்ணன் தங்கையின் பழங்கதை வரும்போது அதுவே பெருந்துயரம். படைப்பாகவும் இது தடுமாறுவது அங்கேதான், பிள்ளைகளின் கண்ணுக்குப் பொருந்தாமல் போவதும் அங்கேதான். அதனால் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

யோஷிவாரா கற்பனை ஊரல்ல. 17ஆம் நூற்றாண்டில் அரசு அனுமதியோடு தொடங்கிய விலைமாதர் விடுதிப் பகுதி. பெண்கள் தப்பி ஓடாதபடி சுற்றிலும் அகழி இருந்தது. ஏழைப் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு மகள்களை ஒப்படைத்தார்கள். கடன் தீரும்வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. 1956இல் இயற்றப்பட்ட சட்டம் 1958இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோதே அங்கே அந்தத் தொழில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கதை நடப்பது 1912 முதல் 1926 வரையிலான தைஷோ காலத்தில். நம் மலையகத்தில் தொழிலாளியின் கடனைத் தாளில் எழுதி, அது தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக விடாத 'துண்டு' முறை ஒழிந்தது 1921இல், அதே காலத்துக்குள்தான். இரண்டு துயரமும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பணத்தால் மனிதரைக் கட்டிப்போடும் வழியை, கங்காணி காலத்தைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளைக்கு விளக்குவது கடினமல்ல. வீட்டுக் கஷ்டத்துக்காகக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை ஆசிரியையான நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

ஆகவே மகனைத் தடுக்காதீர்கள். பாதியில் போனைப் பறித்தால் மீதியைத் தோழன் வீட்டில் பார்ப்பான், அப்போது பேச நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். கடைசி எபிசோட்டை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பெண்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். விற்கும் காட்சிக்கு அவன் சிரித்தானா என்றும் கேட்கலாம், கண்டிக்கும் குரலில் வேண்டாம்.

தங்கைக்கு இது வேண்டாம். அவளுக்காக முதல் சீசனுக்குத் திரும்பிப் போவதும் சரிவராது. அதன் முதல் எபிசோட்டிலேயே தாயும் தம்பி தங்கைகளும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்தக் காட்சியே அதிகம். அண்ணன் அவள் தூங்கிய பிறகு பார்க்கட்டும்.

அன்புடன்.