தூரிகைப் பக்கம்: வாசகர் கேள்வி, ஓவியர் பதில்

கேள்வி: ஆயில் பெயின்ட்டில் நிலக்காட்சி வரையப் பழகுகிறேன். கேன்வாஸ் முழுக்க முதலில் பர்ன்ட் சியன்னா பூசச் சொன்னார்கள். பூசிவிட்டு அன்றே வானத்துக்கு நீலம் வைத்தேன், எல்லாம் சேறாகிவிட்டது. அடிவண்ணம் அவசியந்தானா?

பதில்: நிலக்காட்சிக்கு அவசியம் என்றே சொல்வேன். சேறானது அன்றைக்கே நீலத்தை வைத்ததால். பர்ன்ட் சியன்னா ஆரஞ்சு ஓடிய மண்நிறம், நீலத்துக்கு எதிர்நிறம். ஈரத்தில் இரண்டும் கலந்தால் சாம்பல்தான் வரும். காய்ந்த பிறகு அதே மண்நிறம் நீலத்துக்குப் பக்கத்தில் கீற்றாகத் தெரியட்டும், வானம் எப்படித் துடிக்கிறதென்று பாருங்கள்! இலைப் பச்சைக்கும் அப்படித்தான். ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வெளியில் நின்று தீட்டிய சிறு எண்ணெய் ஓவியங்களில் அடியிலுள்ள பழுப்பு அங்கங்கே மூடப்படாமலே நிற்கும். அந்த இடங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வெள்ளைக் கேன்வாஸில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தோன்றும். பயந்துபோய் வெள்ளையைக் கலந்துகொண்டே இருப்போம். என் ஆரம்பகால மரங்கள் எல்லாம் அப்படித்தான் சுண்ணாம்பு பூத்து வெளிறின. நடுத்தரமான ஒரு நிறம் அடியில் இருந்தால், எது அதைவிட வெளிச்சம், எது இருட்டு என்று கண்ணுக்கு உடனே பிடிபடும்.

பெயின்ட் கொஞ்சம் போதும். டர்பன்டைனில் இளக்கி, அகலப் பிரஷால் தேய்த்து, உடனே பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். கேன்வாஸின் நெசவு தெரிய வேண்டும். ஈரம் இருக்கும்போதே வானம் வரும் இடத்தை இன்னும் அழுத்தித் துடைத்தால் பாதி வெளிச்சம் அங்கேயே கிடைத்துவிடும். நான் மிக விரும்பிச் செய்யும் வேலை இது. டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றாதீர்கள், பிடிமானம் போய்விடும். எண்ணெயும் இப்போது வேண்டாம். மேல் அடுக்குகளைவிட அடியில் எண்ணெய் கூடினால் பின்னாளில் வெடிப்பு விடும். ரொம்ப இருட்டாகவும் பூசாதீர்கள். வருடங்கள் போகப் போக ஆயில் பெயின்ட் ஊடுருவித் தெரியத் தொடங்கும், அடியிலுள்ள இருட்டு மேலே வரும்.

கையில் ஒட்டாமல் காயும்வரை பொறுங்கள். பொறுமை இல்லையென்றால் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு மண்நிறத்தை எடுங்கள். அதிலுள்ள மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் உலர்த்தும். தண்ணீரில் இளக்கும் அக்ரிலிக் பெயின்ட்டில் அடிவண்ணம் பூசி, காய்ந்ததும் மேலே ஆயில் தீட்டலாம். ஆனால் ஆயில் மேல் அக்ரிலிக் கூடவே கூடாது, உரிந்துவிடும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆயில் பெயின்ட்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றும். திறந்த வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.