மின்னுரிமையை மொத்தமாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் 25 ஆண்டுகளாகச் சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். வட்டார வரலாறு, சித்த மருத்துவம், சிறுகதை என்று 140 தலைப்புகள். பாதிக்கு மேல் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. ஒரு மின்னூல் நிறுவனம் எல்லாவற்றின் மின்னுரிமையையும், அதாவது மின்னூலாக வெளியிடும் உரிமையை, 10 ஆண்டுக்குக் கேட்கிறது. மின்னூலாக்கும் செலவு அவர்களுடையது, வருவதில் பாதி எங்களுக்கு. கையெழுத்துப் போடலாமா, இல்லை நாங்களே அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ஏற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பாதி என்ற பங்கு குறைவா அதிகமா என்று பேசுவதற்கு முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா?

140 நூல்களின் ஒப்பந்தங்களையும் எடுத்து மேசையில் வையுங்கள். பாதிக்கு ஒப்பந்தமே இருக்காது என்று நினைக்கிறேன். நம் பதிப்புலகம் வாய்ப்பேச்சிலும் நம்பிக்கையிலும் ஓடிய உலகம். அதில் தவறில்லை, ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எழுதியிருந்தும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். 2004இல் போட்ட அப்படியொரு ஒப்பந்தம் 2009இலேயே முடிந்துபோயிருக்கும். நீங்களும் ஆசிரியரும் அதைக் கவனிக்காமல் அடுத்தடுத்த பதிப்பு போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, 2012 திருத்தம். ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு உரிமை வேண்டுமென்றால் அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு இது செல்லுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆசிரியரிடமோ, அவர் இல்லையென்றால் வாரிசுகளிடமோ ஒரு பக்கத்துக்குப் புது ஒப்புதல் கடிதம் வாங்கிவிட்டால் அந்த வாதத்துக்கே வேலையில்லை. அதில் மின்னூல், ஒலிநூல் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். பணம் எப்படிப் பிரியும் என்பதையும் எழுதுங்கள். தாளில் 10 சதவீதம் வாங்கும் ஆசிரியர் மின்னூலிலும் அதே 10 வாங்க ஒப்புக்கொள்வார் என்று எண்ண வேண்டாம். அச்சுக்கூலி இல்லை, கிடங்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இதில் தேறும் நூல்கள்தான் உங்கள் கையிருப்பு. 140இல் 60 தேறினால் நல்லது.

சரி, அந்த 60ஐயாவது மொத்தமாகக் கொடுக்கலாமா? வெஸ்ட்லேண்டை நினைத்துப் பாருங்கள். சென்னையில் வேர்விட்ட பதிப்பகம் அது. டாடா குழுமத்திடமிருந்து அமேசான் வாங்கியது. 2022 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த நூல்களும் சேர்ந்தே சந்தையை விட்டுப் போயின; உரிமைகள் ஆசிரியர்களிடம் திரும்பின. பிறகு பிரதிலிபி என்ற இணையக் கதைத்தளத்தின் துணையோடு அந்தக் குழு மீண்டும் எழுந்தது வேறு கதை. அமேசான் வைத்திருந்த பதிப்பகத்துக்கே அந்த நிலை என்றால், உங்களைத் தேடி வந்த நிறுவனம் 10 ஆண்டு இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? அது மூடினால் உரிமை என்று திரும்பும், கோப்பு யாரிடம் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். அப்புறம் 19(4)ஆம் பிரிவு பொருந்தாது என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா பாருங்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்பதுதான் அந்தப் பிரிவு. அதை நீக்கிவிட்டால் 140 நூலையும் வாங்கி 20ஐ மட்டும் வெளியிட்டுவிட்டு மிச்சத்தைப் பூட்டி வைக்கலாம்.

நீங்களே ஏற்றுவதானால் கணக்கு இப்படி. கிண்டில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்களை விற்கிறது. நூலை நாமே ஏற்றுவதற்கான அமேசானின் கேடிபி தளத்தில் கணக்குத் திறக்கக் கட்டணமில்லை. விற்கும் விலையில் உங்களுக்கு வரும் உரிமத்தொகை 35 சதவீதம், 70 சதவீதம் என இரண்டு வகை. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 வேண்டுமென்றால் நூலை கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும்கூட. அச்சு நூலுக்கு இந்தக் கட்டு இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் தானாகப் புதுப்பி என்ற குறியை எடுத்துவிட வேண்டும். அமெரிக்கக் கடையில் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருந்தால், செலக்ட்டில் சேராமலே 70 கிடைக்கும். டொராண்டோவில் இருக்கும் குமரி மாவட்டத்துக்காரர் உங்கள் வட்டார வரலாற்று நூலை அஞ்சலில் வரவழைத்தால் நூல் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். உங்கள் மின்னூல் வாடிக்கையாளர் பெரும்பாலும் அவர்தான். 70 வகையில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு அனுப்புக்கட்டணம் கழியும். மூலிகைப் படங்கள் நிறைந்த மருத்துவ நூலுக்கு முதலில் படங்களைச் சுருக்குங்கள்.

நாட்டுடைமையான நூல்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் அவற்றைக் கடைசியில் வையுங்கள். அதே நூலை ஏற்கெனவே பலர் ஏற்றியிருப்பார்கள், இலவசமாகவும் கிடைக்கும்.

இனி கோப்பு. உண்மையான செலவும் தலைவலியும் இங்கேதான். அந்த நிறுவனம் செலவை ஏற்கிறேன் என்றதும் உங்களுக்கு ஆசை வந்ததும் இதனால்தான் என்று தெரிகிறது. பேஜ்மேக்கர் கோப்பில் இருப்பது யுனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீடு அல்ல, பழைய எழுத்துரு. மாற்றி மென்பொருள் ஒரு நொடியில் மாற்றித் தரும், திரையில் தமிழாகத்தான் தெரியும். ஒருமுறை ஒரு நூலை மாற்றி முடித்துவிட்டு 'கௌரவம்' என்று தேடினேன். இல்லை என்றது. அட்டையிலேயே அந்தச் சொல் இருந்தது! பழைய எழுத்துருவில் ஔகாரத்துக்கு ள எழுத்தையே போட்டுத் தட்டியிருந்ததால், மாறிய பிறகு அது 'கெளரவம்' ஆகியிருந்தது. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். தலைப்பில் இது நடந்தால் கிண்டிலில் தேடுபவருக்கு உங்கள் நூல் அகப்படாது. கொம்பும் காலும் இடம் மாறுவது, பக்க எண்ணும் தலைப்பு வரியும் பத்தியின் நடுவில் புகுவது, அச்சில் வரி முடிந்த இடத்தில் சொல் இரண்டாக உடைந்து கிடப்பது, இவையும் வரும். மாற்றிய பிறகு மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். பிடிஎஃபை அப்படியே ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள், கைபேசியில் அதை யாரும் படிக்கமாட்டார்கள்.

மெய்ப்பு பார்த்த அந்த யுனிகோடு கோப்பு உங்களிடம் இருந்தால் நாளை கிண்டில் போய் வேறொன்று வந்தாலும் கவலையில்லை. அதைச் செய்பவர் யாராக இருந்தாலும், கோப்பு உங்கள் சொத்து என்று எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் 'தரவுப் பயன்பாடு' என்றோ 'எதிர்காலத் தொழில்நுட்பங்கள்' என்றோ சொற்றொடர் இருந்தால் அடித்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க நூல்களை விற்பது இப்போது தனி வியாபாரம். 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் அப்படியொரு உடன்பாட்டுக்கு ஆசிரியர்களிடம் சம்மதம் கேட்டது. நூலுக்கு 5,000 டாலர், அதில் பாதி ஆசிரியருக்கு, 3 ஆண்டுக்கு, விருப்பமுள்ளவர் மட்டும். அங்கே விலை பேசிக் கேட்ட ஒன்றை, இங்கே ஒரு துணை வாக்கியத்துக்குள் வைத்துச் சும்மா வாங்கப் பார்ப்பார்கள்.

அந்த நிறுவனத்தைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். 10 நூல், 2 ஆண்டு, மின்னூல் மட்டும், அவர்களுக்கு மட்டுமே என்ற கட்டு இல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முடிந்ததும் யுனிகோடு கோப்பு எங்களுக்கு என்று பதில் எழுதுங்கள். இதற்கு ஒத்துக்கொண்டால் சிறுகதைகளைக் கொடுத்துப் பாருங்கள். வட்டார வரலாற்றில் இரண்டை மட்டும் நீங்களே கிண்டிலில் ஏற்றுங்கள், ஓராண்டு கழித்து இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.