அம்மா ஏன் கதவருகே நாற்காலி போட்டிருக்கிறார்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் தெருவில் இரண்டு மாதத்தில் மூன்று வீடுகளில் திருட்டு. ஒரு வீட்டில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்திருக்கிறான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான்கு கேமரா மாட்டிவிட்டேன். சன்னல்களுக்கெல்லாம் கம்பி போட்டாயிற்று. பகலில் கவலையில்லை. நானும் மனைவியும் வேலைக்கும், மகள் பள்ளிக்கும் போனபின் 76 வயது அம்மா மட்டும்தான் வீட்டில். யார் தட்டினாலும் திறந்துவிடுவார் என்பதால் அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறோம். அலுவலகத்திலிருந்து போனில் பார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் வாசல் கதவுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இரவுதான் பிரச்னை. உள்பக்கமும் சாவி போட்டுப் பூட்டுகிற மாதிரி பூட்டு வாங்கலாமா? தலைமாட்டில் ஒரு இரும்புத் தடி வைத்துக்கொள்ளலாமா? திருடன் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தம்பி, திருட்டுப் பயத்தைப் பற்றி எனக்கு நிறையக் கடிதம் வரும். எந்தப் பூட்டு, எத்தனை கேமரா, நாய் வளர்க்கலாமா என்று எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். உங்களுடையதையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன். ‘பகலில் கவலையில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யாருக்குக் கவலையில்லை?

காலையில் நீங்கள் பூட்டைத் தொங்கவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். அந்தச் சத்தம் உள்ளே கேட்கும். பிறகு அம்மா ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, தன்னால் திறக்க முடியாத கதவின் பக்கத்தில் உட்கார்கிறார். மாலை வரைக்கும். டிவிக்கு முன்னால் உட்காரவில்லை, சன்னலோரம் போகவில்லை, கதவருகே. இதைத் தினமும் போனில் பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறார் என்று வேலையைத் தொடர்கிறீர்கள். அவர் ஏன் அங்கே உட்கார்கிறார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

பாசம், கடமை என்றெல்லாம் பிறகு பேசுவோம். முதலில் திருடனின் கண்ணால் பாருங்கள். வீடு உடைக்க வருகிறவன் பெரும்பாலும் ஆளில்லாத வீட்டைத்தான் தேடுவான், மாட்டிக்கொள்ள அவனுக்கும் ஆசையில்லை. வெளியே தொங்குகிற பூட்டு தெருவில் போகிறவனிடம் ‘உள்ளே யாரும் இல்லை, நிதானமாக வா’ என்று சொல்கிறது. அதை நம்பி அவன் பின்பக்கமாக உள்ளே வந்தால், அங்கே ஒரு வயதான பெண். அவரும் அவனை எதிர்பார்க்கவில்லை, அவனும் அவரை எதிர்பார்க்கவில்லை. அவரால் வாசல் வழியாக ஓடக்கூட முடியாது. திருடனுக்குப் பயந்து செய்த ஏற்பாட்டில் திருடனுக்கு ஒரு வழி இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை.

திருடனே வராவிட்டாலும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தால்? ஒயரில் பொறி பறந்தால்? வீட்டுத் தீயில் பெரும்பாலானவர்கள் புகையில்தான் சாகிறார்கள். அந்தப் புகை ஒரு அறையை நிறைக்கச் சில நிமிடம் போதும். நீங்கள் கேமராவில் பார்த்து, பதறி, கிளம்பி, சாவியோடு வந்து சேர எவ்வளவு நேரம்? சன்னல் வழியாக இழுக்கலாம் என்றால் அதற்கும் கம்பி போட்டாயிற்று. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பத்து மணிக்குக் கை விளங்காமல் போனவர் உங்கள் கேமராவில் எப்படித் தெரிவார்? நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரிவார்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகிற ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை செய்கிறவர்கள் எதையும் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதாம். அந்தப் பூட்டும் திருட்டுப் பயத்தில் போட்டதுதான்.

அம்மா யார் தட்டினாலும் திறக்கிறார் என்று சலித்துக்கொள்கிறீர்கள். கதவில் பார்வைத் துளை இருக்கிறதா? இருந்தால் அது யார் உயரத்தில் இருக்கிறது? மாட்டியபோது உங்கள் கண்ணுக்கு நேராக வைத்திருப்பார்கள். முதுகு வளைந்த 76 வயதுக்காரர் அதை எட்டிப் பார்க்க நாற்காலி மேல் ஏற வேண்டியிருக்கும். யாரென்று பார்க்க அவருக்கு இருக்கிற ஒரே வழி கதவைத் திறப்பது. அவரைக் கதவு முன்னால் நிற்க வைத்து, அவர் கண் வருகிற இடத்தில் இன்னொரு துளை போடுங்கள். அரை மணி நேர வேலை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். நாள் முழுக்க அவரிடம் பேசுகிற ஒரே ஆள் கதவைத் தட்டுகிறவன்தான். மீட்டர் பார்க்க வந்தேன் என்று பொய் சொல்கிறவன்கூட ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டுத்தான் பொய்யை ஆரம்பிப்பான். நீங்கள் அலுவலகத்திலிருந்து அவரைப் பார்க்கிறீர்கள். பேசுகிறீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பதினொரு மணிக்கு ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன், இரண்டு நிமிடம் போதும். பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, மதியம் ஒருதரம் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டுகிறவனிடம் என்ன சொல்வது என்று அம்மாவுக்குப் பழக்குங்கள்: கதவைத் திறக்காமலே, ‘மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வர்றேன், நில்லுங்க.’ உண்மையாக வேலைக்கு வந்தவன் நிற்பான்.

அம்மாவுக்கு மறதி, அதனால்தான் பூட்டுகிறோம் என்றால் அது வேறு விஷயம். அப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும், துணைக்கு ஆள் வைக்க வேண்டும். செலவாகும்தான். நான்கு கேமராவும் சும்மா வரவில்லையே. வயதானவரைப் பார்த்துக்கொள்வது என்றால் ஒரு மனிதர் பக்கத்தில் இருப்பது என்றுதான் நான் வளர்ந்தேன், அதை இனி மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

சரி, இரவு. உள்பக்கமும் சாவி போடுகிற பூட்டு வேண்டவே வேண்டாம். பகலில் அம்மாவுக்குச் செய்ததை இரவில் குடும்பத்துக்கே செய்வதாகிவிடும். இருட்டில், புகையில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளை சாவித் துவாரத்தைத் தேடுமா? வெளியிலிருந்து சாவியால் மட்டும், உள்ளிருந்து சாவியில்லாமல் கையால் திறக்கிற பூட்டாக வாங்குங்கள். பூட்டும்போது அதிலிருந்து நீள்கிற தண்டு கதவின் நிலைச்சட்டத்துக்குள் 25 மில்லிமீட்டராவது நுழைய வேண்டும். அப்புறம், எல்லாரும் பூட்டைப் பார்க்கிறார்கள், சட்டத்தைப் பார்ப்பதில்லை. உதைத்துத் திறக்கும்போது பூட்டு உடைவதைவிட, தண்டு நுழைகிற இடத்தில் உள்ள தகடு பிய்த்துக்கொண்டு வருவதுதான் அதிகம். அந்தத் தகட்டின் ஒரு திருகைக் கழற்றிப் பாருங்கள், இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதை எடுத்துவிட்டு, மரச்சட்டத்தைத் தாண்டி உள்ளே போய்ப் பிடிக்கிற ஏழு எட்டு சென்டிமீட்டர் திருகு போடச் சொல்லுங்கள். சுவர் சிமென்ட் என்றால் அதற்கான ஆணியை ஆசாரி சொல்வார்.

சன்னல் கம்பிகளில் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றாவது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதை மகளுக்கும் திறக்கக் கற்றுக்கொடுங்கள். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே மாற்றுங்கள், அம்மாவை வேறு யாராவதும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்.

பின்பக்கத்தை நீங்களே ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் ஒருதடவை திருட்டுப் போனது. வந்த போலீஸ்காரர் நேராகப் போய் நின்றது பின்பக்கச் சன்னலில். அதன் கொக்கி ஆறு மாதமாக உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், திருடனுக்கும் தெரிந்திருக்கிறது. முன்கதவில் மட்டும் மூன்று பூட்டு.

இரும்புத் தடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நிற்கிற உங்களிடமிருந்து அதைப் பிடுங்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பொருளுக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். அவனுக்கும் அவன் வெளியேறும் வழிக்கும் நடுவில் நிற்காதீர்கள். எல்லாரும் ஒரே அறைக்குள் போய்த் தாழ்போட்டு, போலீசைக் கூப்பிட்டு, ஆள் விழித்துவிட்டது தெரிகிற மாதிரி உரக்கச் சத்தம் போடுங்கள். போனை வரவேற்பறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால் இதில் எதுவும் நடக்காது. அவன் போனபின் போலீஸ் வரும்வரை எதையும் தொட்டு ஒழுங்குபடுத்த வேண்டாம், கைரேகை அழிந்துவிடும். எந்த அறை, யார் மகளைத் தூக்குவது என்று இன்றே பேசி வையுங்கள். அம்மாவின் படுக்கை எந்த அறையில் இருக்கிறது என்றும் யோசியுங்கள். வாசல் பக்க அறையில் அவரைப் படுக்கவைத்துவிட்டு நீங்கள் பின்னால் தாழ்போட்டுக்கொள்ளும் திட்டமென்றால் அதைத் திட்டம் என்று சொல்லாதீர்கள்.

நாளைக் காலை அந்தப் பூட்டைத் தொங்கவிடாதீர்கள். புதுப் பூட்டு வரும்வரை நீங்களோ மனைவியோ மாறி மாறி விடுப்பு எடுங்கள். வாங்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், கடையிலேயே அவர் கையால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உருண்டைக் குமிழ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூட்டுவலி உள்ள விரலுக்கு வழுக்கும். கீழே அழுத்தினால் திறக்கிற நீளக் கைப்பிடியாகப் பாருங்கள்.