கொல்லன் என்றால் கொல்லன்தான்

அன்புள்ள ஐயா,

நான் ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தளத்தில் மட்டும் மூன்று ஹத்தாத்கள் இருக்கிறார்கள். ஒருவர் லெபனான் கிறிஸ்தவர், ஒருவர் சிரியா முஸ்லிம், இன்னொருவர் துனிசியாக்காரர். மூவருக்கும் உறவு எதுவும் இல்லையாம். ஒரே குடும்பப் பெயர் எப்படி இரண்டு மதங்களில் இருக்கும்? இணையத்தில் தேடினால், ஹதாத் என்ற பழைய மழைக் கடவுளின் பெயர் இது என்கிறார்கள். கஸ்ஸானிய அரச வம்சம் என்றும் ஓரிடத்தில் படித்தேன். லெபனான்காரரிடமே கேட்டேன். "கொல்லன், அவ்வளவுதான்" என்று சிரித்து மழுப்பிவிட்டார். உண்மையில் இவர்கள் எந்த வம்சம்? பெயரை வைத்து ஓர் அரபியின் பின்னணியைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஜெ., ஷார்ஜா

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மனிதர் மழுப்பவில்லை. நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலைச் சொன்னார், உங்களுக்குத்தான் அது போதவில்லை. கொல்லன் என்று ஒருவர் வாயாரச் சொன்ன பிறகும் அதற்குப் பின்னால் ஒரு ராஜா ஒளிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? கொஞ்ச நாளாக இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

மழைக் கடவுளை விட்டுவிடுங்கள். அரபியில் இரண்டு 'ஹ' உண்டு. கடவுளுக்கு ஒன்று, கொல்லனுக்கு வேறொன்று. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வந்த குழப்பம் இது. கஸ்ஸான் கதையும் அப்படித்தான். இஸ்லாத்துக்கு முன் சிரியாப் பக்கம் ஆண்ட கிறிஸ்தவ அரபு அரசர்கள் அவர்கள். அந்தப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கஸ்ஸான் அரசர்களோடு ஒரு சொந்தம் வைத்துக்கொள்ள ஆசை. சில குடும்பங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பெயரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஹதீத் என்றால் இரும்பு. குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு அதுதான் பெயர். இரும்போடு பாடுபடுகிறவன் ஹத்தாத். தச்சன் நஜ்ஜார், தையற்காரன் கய்யாத், ரொட்டி சுடுகிறவன் கப்பாஸ், சாயம் போடுகிறவன் ஸப்பாக், எல்லாம் ஒரே வார்ப்பு. உமர் கய்யாமின் பெயரில் இருப்பது கூடாரம் தைக்கிற தொழில். மன்சூர் ஹல்லாஜின் பெயரில் பஞ்சு கொட்டுகிறவன் இருக்கிறான், பரீதுத்தீன் அத்தார் வாசனைப் பொருள் விற்றவர். உழுகிற ஊர் எதுவானாலும் அங்கே ஒரு கொல்லன் இருந்தாக வேண்டும். லெபனானின் மாரோனியக் கிறிஸ்தவக் கிராமத்திலும் இருந்தான், சுன்னி கிராமத்திலும் இருந்தான், துனிசியாவின் யூதத் தெருக்களிலும் இருந்தான். ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக முளைத்த பெயர் இது. உங்கள் தளத்து மூவரும் உறவில்லை என்று சொல்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரே வம்சம் என்றிருந்தால்தான் அதிசயம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "எந்த வம்சம்" என்ற அந்த இரண்டு வார்த்தைகள்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு ஹத்தாது ராத்திபு என்ற இறைநினைவுத் தொகுப்பை ஓதுவார்கள். தென்கரையில் இன்னும் சில ஊர்களில் உண்டு, மலையாளக் கரையில் இன்னும் அதிகம், மலாய் நாடுகளிலும் ஓதுகிறார்கள். வட்டமாக உட்கார்ந்து, மெல்ல ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் எல்லாக் குரலும் ஒன்றாகி ஏறி இறங்கும். சின்னப் பையன்கள் நாங்கள் தூண் ஓரத்தில் தூங்கி விழுந்துகொண்டே ஓதுவோம், முடிந்ததும் கிடைக்கிற சீரணிக்காக. ஒருநாள் லெப்பையிடம் கேட்டேன், ஹத்தாது என்றால் யார் என்று. "ஏமன் தேசத்துப் பெரியவங்கடா. பேருக்கு அர்த்தம் கொல்லர்" என்றார். எனக்குத் தெரிந்த கொல்லர் கடற்கரைச் சாலையில் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர்தான். வள்ளங்களுக்கு ஆணியும் நங்கூரமும் அவரிடம்தான் அடிக்கக் கொடுப்பார்கள். வாப்பா என்னை அனுப்பும்போதெல்லாம் வேண்டுமென்றே சீக்கிரம் போவேன், துருத்தி மிதிக்க விடுவார் என்பதற்காக. கரி சிவந்து, கம்பி செம்மஞ்சளாகிற நேரம் பார்த்துக் குறடால் எடுத்துப் பட்டறைக் கல்லில் வைப்பார். அவர் சின்னச் சுத்தியலால் இடத்தைத் தட்டிக் காட்டக் காட்ட, மகன் அதே இடத்தில் சம்மட்டியைப் போடுவான். ஆறுவதற்குள் கொண்டை வளைந்தாக வேண்டும், இல்லையென்றால் மறுபடி உலைக்குள் போகும். எத்தனை வருடம் போனேன், அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று எங்கள் ஊரில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் அடித்த ஆணியை நம்பிக் கடலுக்குப் போவார்கள், அவரைத் திண்ணைக்கு மேல் ஏற்ற மாட்டார்கள்.

அரபு நாட்டிலும் இதே கதை என்பது பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. பாலைவனக் குலங்கள் வாளை வணங்காத குறையாகக் கொண்டாடின, வாள் அடித்தவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றன. கொல்லனுக்கு அங்கே கய்ன் என்று இன்னொரு சொல்லும் உண்டு, அது வசவாகவே புழங்கியது. உமையா கலீஃபாக்கள் ஆண்ட காலத்துப் பெரும் கவிஞர்கள் ஜரீரும் பரஸ்தக்கும் வாழ்நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வசைபாடினார்கள் அல்லவா, அதில் ஜரீர் திரும்பத் திரும்ப எடுத்த கல் "கொல்லன் மகனே" என்பதுதான். பரஸ்தக் பெரிய குலத்தில் பிறந்தவர். அவரை அடிக்க அந்த ஒரு சொல் போதும் என்று கேட்கிற கூட்டத்துக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் அதே மண்ணில், அதற்கு முன்பே, வேறொன்றும் நடந்திருக்கிறது. நபிகள் நாயகத்தின் கடைசி மகன் இப்ராஹீமுக்குப் பால் கொடுக்க மதீனாவில் ஒரு கொல்லன் வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். அபூ ஸைஃப் அவர் பெயர். பிள்ளையைப் பார்க்க நாயகம் போகிறார்கள், கூடவே அனஸ் என்ற இளைஞர். வீடெல்லாம் புகை, அபூ ஸைஃப் துருத்தி ஊதிக்கொண்டிருக்கிறார். அனஸ் முன்னால் ஓடி, நிறுத்துங்கள், நபியவர்கள் வருகிறார்கள் என்று சொல்கிறார். அவர் நிறுத்துகிறார். நாயகம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்து குழந்தையை வாங்கி அணைத்துக்கொள்கிறார்கள். இது ஹதீஸில் இருக்கிறது. மக்காவில் ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்தை ஏற்றுத் தீயில் வாட்டப்பட்ட கப்பாப் வாள் அடிக்கிற கொல்லர். "நான் கொல்லனாக இருந்தேன்" என்று, வசவாகப் புழங்கிய அதே சொல்லைத் தன்னைப் பற்றித் தானே சொல்கிறார். இரும்பைத் தாவூது நபியின் கையில் இளக்கிக் கொடுத்தோம் என்கிறது குர்ஆன். இவ்வளவும் தெரிந்த சமுதாயம், பிறகு மணப்பொருத்தம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதும்போது, சட்டப் பிரிவுகளில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் தொழிலையும் பொருத்தங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்னொரு பிரிவின் மூலவரான மாலிக் இமாம் மார்க்கப் பற்றைத்தான் பார்த்தார். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

அந்த ஏமன் பெரியவருக்கு வருகிறேன். ஹத்ரமவுத்தில் தரீம் என்ற ஊர். அப்துல்லாஹ் பின் அலவி அல்-ஹத்தாத், பிறப்பு 1634, மறைவு 1720. சின்ன வயதிலேயே அம்மையில் பார்வை போனவர், அப்படியும் அந்தக் காலத்து அறிஞர்களில் முதல் வரிசையில் வைக்கப்பட்டவர். அவர் சையிது, அதாவது நபி வழி வந்த குடும்பம். அரபுலகில் அதற்கு மேல் ஒரு வம்சம் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு எப்படிக் கொல்லன் என்று பெயர் வந்தது? முன்னோர் ஒருவர், அஹ்மத் என்று பெயர், தரீமில் ஒரு கொல்லன் கடையில் போய் உட்கார்ந்திருப்பாராம். ஊரில் இன்னோர் அஹ்மதும் இருந்ததால் இவரைக் கொல்லன் அஹ்மத் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. வேறு யாராயிருந்தாலும் அடுத்த தலைமுறையிலேயே அதைத் துடைத்துப்போட்டிருப்பார்கள். இவர்கள் துடைக்கவில்லை. நூற்றாண்டுகளாக அதைச் சுமந்து, அந்தப் பெயரோடே கப்பலேறி, இந்தியப் பெருங்கடல் கரை முழுக்க அதைக் கொண்டுபோனார்கள். சையிது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஹத்தாத் என்றும் சொன்னார்கள்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், என் சொந்தக்காரர் ஒருவர் வம்சாவளி எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தார். பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள், பின்னால் நபியின் குலப் பெயரான குறைஷி என்று சேர்க்க வேண்டுமாம், அதற்கு ஓர் ஆதாரம் வேண்டுமாம். அவருடைய பாட்டனார் ஓடாவி, வள்ளம் கட்டுகிற தச்சர். பலகையைத் தடவிப் பார்த்தே அது எந்தப் பக்கம் வளையும் என்று சொல்வார் என்று உம்மா சொல்லுவார்கள். அவர் கட்டிய வள்ளம் கொழும்புக்குப் போய் வந்திருக்கிறது. அந்த மனிதரை விட்டுவிட்டு முகம் தெரியாத ஒரு குறைஷியைத் தேடுகிறீர்களே காக்கா, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், இன்னும் பேசவில்லை. நல்ல மனிதர்தான். எனக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்பவர். ஆனால் இந்த விஷயத்தில் நான் இறங்கிப்போக மாட்டேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்: ஒருவன் பாட்டனின் தொழிலைப் பெயரில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்போது, அதைக் கிளறி ஒரு ராஜாவைத் தேடாதீர்கள்.

பெயர் எப்படிப் பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரத்தின் பிறப்புக் கதையிலேயே ஒரு ஹத்தாத் இருக்கிறார். ஜோர்தானின் கரக் பக்கத்திலிருந்து ராஷித் என்ற கிறிஸ்தவக் கொல்லர், தன் மகளைக் கேட்ட ஒரு தலைவனோடு பகை வந்து, 16ஆம் நூற்றாண்டில் குடும்பத்தோடு புறப்பட்டு, உலைக்கு விறகு கிடைக்கிற மரமடர்ந்த மேடு என்று பார்த்து அங்கே தங்கினார் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அல்ஜீரியாவில் கபீலியா மலையில், செத்தூக் ஊரின் ஷேக் அல்-ஹத்தாத். கொல்லர் குடும்பம். எண்பது வயதில், 1871 ஏப்ரலில், கூடியிருந்த கூட்டத்தின் முன் கைத்தடியை வீசியெறிந்து, பிரெஞ்சுக்காரர்களையும் இப்படியே கடலில் எறிவோம் என்றார். மலை முழுக்க எழுந்தது. தோற்றார்கள். அவர் 1873இல் கான்ஸ்டன்டைன் சிறையில் இறந்தார், மகன்களை நியூ கலிடோனியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அப்புறம் 1882இல் அதே பிரெஞ்சு அரசு, எல்லா அல்ஜீரியனுக்கும் நிரந்தரக் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சட்டம் போட்டு, எழுத்தர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பியது. அதுவரை இன்னார் மகன் இன்னார் என்று ஓடிக்கொண்டிருந்த பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இறுகிப்போயின.

இன்னொரு பக்கம், உஸ்மானிய (ஒட்டோமான்) ஆட்சியின் கடைசி காலத்தில் லெபனான், சிரியா மலைக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கில் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போனார்கள். அமெரிக்காவில் சில ஹத்தாத்கள் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கி ஸ்மித் ஆனார்கள். ஹோம்ஸ் ஊர்க்காரர் அப்துல்மசீஹ் ஹத்தாத் நியூயார்க்கில் 1912இல் அரபுப் பத்திரிகை ஆரம்பித்தார். பிரேசிலுக்கு அந்த வரவு பிற்பாடும் நிற்கவில்லை. 1947இல் லெபனானிலிருந்து போய் சாவ் பாவ்லோவில் துணி வியாபாரம் செய்தவரின் மகன் பெர்னாண்டோ ஹத்தாத், 2023இல் அந்த நாட்டின் நிதி அமைச்சரானார். ஈராக்கில் 1976இல் குலப் பெயர்களைப் பொதுவில் புழங்கக் கூடாது என்று தடையே போட்டார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே ஊர், ஒரே குலம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

பெயரை வைத்துப் பின்னணி தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அதற்கு என்ன விலை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2005இல் சவூதியின் ஜவ்ஃப் நீதிமன்றம், குழந்தைகளோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தம்பதியைப் பிரித்தது. மாப்பிள்ளை தன் குலத்தை மாற்றிச் சொல்லிப் பெண் கேட்டார், எங்கள் குலத்துக்கு அவர் ஈடில்லை என்று பெண்ணின் மாற்றாந்தாய் மக்கள் போட்ட வழக்கு. அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று கைக்குழந்தையோடு சிறையிலும் பிறகு காப்பகத்திலும் இருந்தாள். 2010இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

துனிசியாக்காரர் இருக்கிறாரே, அவரிடம் தாஹர் ஹத்தாத் பற்றிக் கேளுங்கள், வம்சத்தைப் பற்றி வேண்டாம். 1899இல் பிறந்தவர், சின்னக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஸைத்தூனா மதரஸாவில் படித்தவர். பெண்ணின் சம்மதம் இல்லாமல் திருமணம் இல்லை, பலதார மணம் கூடாது என்று மார்க்கத்துக்குள் நின்றே வாதாடி 1930இல் ஒரு நூல் எழுதினார். படித்த இடமே அவரைத் தூக்கியெறிந்தது. 1935இல், முப்பத்தாறு வயதில், காசநோயில் போய்ச் சேர்ந்தார். 1956இல் துனிசியா கொண்டுவந்த குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்தது, திருமணத்துக்கு இருவர் சம்மதத்தையும் கட்டாயமாக்கியது. அந்த நூல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.