பிப்ரவரிக் கடைசியில் குரங்கணி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் (வயது 19) தோழிகளோடு பிப்ரவரி கடைசி ஞாயிறன்று தேனி மாவட்டம் குரங்கணிக்கு ஒருநாள் மலையேற்றம் போக ஆசைப்படுகிறாள். வாட்ஸ்அப் குழு வழியாக 20 பேர் சேர்க்கிறார்கள், ஆளுக்கு 1,800 ரூபாய். "பர்மிஷன் அங்கே போய் வாங்கிக்கலாம், கைடு ரெடி" என்கிறார் ஏற்பாட்டாளர். அனுப்பலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

தேதியைப் பாருங்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம். தமிழ்நாட்டு வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். அந்த நாளில் குரங்கணியில் யாரும் உங்களுக்கு அனுமதி எழுதித் தர முடியாது. "அங்கே போய் வாங்கிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், கையில் எதுவும் இல்லை என்று அர்த்தம். இவர்கள் கடைசியில் காட்டுவது பெரும்பாலும் வாகன நுழைவு ரசீது. அது சாலைக்கும் வண்டிக்கும் கட்டிய பணம். காட்டுக்குள் கால் வைக்க அது உதவாது.

2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிவதன் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. மேலே ஓடுகிறவர் அதை முந்த முடியாது. ஒதுங்க வேண்டியது வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரைக்கோ. வனத்துறைப் பதிவேட்டில் பெயரில்லாத குழுவை எந்தச் சரிவில் தேடுவது என்று மீட்க வருகிறவருக்குத் தெரியாது. அனுமதிச் சீட்டின் உண்மையான பயன், அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பதுதான்.

"வெள்ளியங்கிரிக்கு மட்டும் பிப்ரவரியில் விடுகிறார்களே?" என்று ஏற்பாட்டாளர் வாதாடுவார். ஆமாம், விடுகிறார்கள். கோவை அருகே அடிவாரப் பூண்டியிலிருந்து ஏழாவது மலை வரை பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறுகிறார்கள். அது வழிபாட்டுக்காகத் தரப்படும் அனுமதி. அந்த ஒரு பாதைக்கு, அந்த மாதங்களுக்கு மட்டும். பக்கத்துச் சரிவுக்குக்கூட அது பொருந்தாது, குரங்கணிக்கு எப்படிப் பொருந்தும்? வெள்ளியங்கிரியில் வனத்துறை கண்காணிப்பு இருந்தும், மூச்சுத்திணறலால் பக்தர்கள் இறந்த செய்தி 2024இல் அடுத்தடுத்து வந்தது. வெள்ளியங்கிரி ஏற ஏற்பாட்டாளரே தேவையில்லை. அதையும் 'பேக்கேஜ்' என்று விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

ஏப்ரல் நடுவுக்குப் பிறகு, பாதை திறந்ததை உறுதிசெய்துகொண்டு மகளைத் தாராளமாக அனுப்புங்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் அவளே பதிவு செய்யலாம். தொடங்கும்போதே 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு எளிது போதும். வழிகாட்டிகள் அந்தந்த மலைப்பகுதி இளைஞர்கள், யானைத் தடம் தெரிந்தவர்கள். ஆனால் ஒரு பாதை இன்று திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரு பெற்றோர் தெரிந்துகொள்வது இன்னும் எளிதாக இல்லை. வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் எண்ணைத் தேடி, மணியடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குரங்கணி நடந்து இத்தனை வருடமாகியும் இந்த நிலைமை என்றால் என்ன சொல்வது! இந்த ஓட்டையில்தான் வாட்ஸ்அப் ஏற்பாட்டாளர்கள் பிழைக்கிறார்கள்.

எந்தக் குழுவில் போனாலும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் வழிகாட்டி வருவாரா? எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்? முன்னால் போகிறவர்கள் நின்று இளைப்பாறுவார்கள்; மெதுவாக வருகிறவர் வந்து சேர்ந்ததும் "கிளம்பலாம்" என்பார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. மதியத்துக்குப் பிறகு மயங்கி விழுவது அவர்தான். கடைசியாக வந்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகே குழு நகர வேண்டும்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (பெரியது, ஒன்று ஒரு லிட்டருக்கு), ஒரு விசில். முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடட்டும். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகத்தடியில் ரத்தம் கட்டும்; புது ஷூ என்றால் இன்னும் மோசம். பழகிய ஷூவே போதும், அடியில் பிடிப்பு தேயாமல் இருந்தால்.